பிரபாவதி பார்த்து வாங்கிய பாத்திரம்

விழுப்புரம் கடைத்தெருவில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. தையல்கடை வைத்து இத்தனை வருஷமாகிறது. பாதி ஊரின் ரவிக்கை அளவு எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட என்னை ஒரு பாத்திரக்கடை நடுவில், முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்க வைத்தவள் என் தம்பி மனைவி பிரபாவதி. அவள் அப்போது ஓர் எவர்சில்வர் அண்டாவுக்குள் தோள்வரை நுழைந்திருந்தாள். சுற்றிலும் சனம் வேடிக்கை பார்த்தது.

"அண்ணி, உங்க போன்ல லைட்டு போட்டு இப்டி உள்ள காட்டுங்க" என்று அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

காட்டினேன். காட்டாமல் என்ன செய்வது? கடைக்காரர் எனக்கு வேண்டியவர், விலை குறைத்துத் தருவார் என்று பெருமையடித்துத் திண்டிவனத்திலிருந்து அவளை வரவழைத்ததே நான்தான். அண்டாவின் அடியும் சுவரும் சேரும் இடத்தை அவள் நகத்தால் ஒரு சுற்று சுற்றி வந்தாள். எங்கோ நகம் தட்டியது. வெளியே வந்து, தலைமுடியைச் சரி செய்துகொண்டு, "வேணாங்க. வெல்டிங் மேடா இருக்கு. அந்த இடுக்குல பிசுக்கு உக்காந்துக்கும்" என்றாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவளுக்கு அந்தப் பாத்திரம் எதற்கு என்று கடைக்காரரிடம் நான் சொல்லவில்லை. பீர் காய்ச்சுவதற்கு என்று எந்த வாயால் சொல்வது? இஞ்சி பீர்தான். இஞ்சியைத் தட்டிப்போட்டு, வெல்லமும் எலுமிச்சையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் தயிருக்கு உறை ஊற்றுவதுபோல் கொஞ்சம் பழைய புளிப்பை விட்டு மூடி வைக்கிறாள். அது நுரைத்து வந்ததும் பாட்டிலில் அடைக்கிறாள். திறந்தால் புஸ்ஸென்று கிளம்பும். குடித்தால் மூக்கு வரை ஏறும். பெயர்தான் பீர். "போதை வருமா?" என்று தெருவில் யாராவது கேட்டால், "ஏப்பம் வரும்" என்று பதில் சொல்வாள்.

பிரபா பனமலைப் பக்கத்துப் பெண். அவள் அப்பா அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. நடவு, களையெடுப்பு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவது என்று கூப்பிட்ட கொல்லைக்குப் போனவர்கள். என் தம்பி மணிமாறன் திண்டிவனத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவனைக் கட்டிக்கொண்டு வந்த கொஞ்ச நாளிலேயே பொம்மையார்பாளையத்தில் கடலை ஒட்டிய ஒரு விடுதியில் அவள் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். விடிவதற்குள் பஸ் ஏறி, பாண்டியில் மாறி, போய் நிற்க வேண்டும். விடுதி முதலாளி சவுரிராயன் கெட்டவர் இல்லை, ஆனால் அவசரக்காரர். "பிரபா, காபி. பிரபா, மீனு. பிரபா, ஜல்தி" என்று நாள் முழுக்க ஏலம் போடுவார். இவள் சாப்பிடுவது அடுப்படியில், நின்றபடி, மணி மூன்றுக்கு மேல்.

அங்கே மாதக்கணக்கில் தங்கியிருந்த ஒரு அம்மாள்தான் விடுதி அடுப்பில் இஞ்சி பீர் செய்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் யாருக்கும் சொல்லித் தரவில்லை, இவளும் கேட்கவில்லை. பாத்திரம் கழுவும்போது ஒட்டியிருந்ததை ருசி பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்த அம்மாள் ஊருக்குப் போனபோது, புளிப்பு இருந்த ஜாடியைக் குப்பையோடு வைத்துவிட்டுப் போய்விட்டது. பிரபா அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, இஞ்சியும் சர்க்கரையும் போட்டுக் காப்பாற்றினாள்.

முதலில் அலுமினியக் குண்டானில் செய்தாள். நாக்கில் காசு வைத்ததுபோல் இருந்தது. பிறகு பிளாஸ்டிக் வாளி. அது என்றோ சாம்பார் தூக்கிய வாளி. இஞ்சி பீரில் பெருங்காயம் மணந்தது. அப்புறம் சந்தையில் ஒரு சில்வர் பாத்திரம் வாங்கினாள். அதில் எலுமிச்சைப் புளிப்பு பட்டுப் பட்டு, உள்ளே அம்மைத் தழும்புபோல் புள்ளி விழுந்தது. அவள் அசரவில்லை. ஒரு நாள் சவுரிராயனிடம் போய், இனி இதையே தொழிலாகச் செய்யப்போவதாகவும் வேலையை விடுவதாகவும் சொல்லிவிட்டாள்.

சவுரிராயனுக்குக் கோபம். அவர் விடுதி அடுப்படியை ஒட்டி, கடலைப் பார்த்தாற்போல் ஒரு சின்ன உணவுக்கடை கட்டிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் பதினைந்து விடுமுறைக்குத் திறப்பு. கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். திறப்பு நாளில் பிரபா இஞ்சி பீர் கொண்டுவர வேண்டும். வந்தவர்களுக்குப் பிடித்தால் வாராவாரம் அவளிடமே வாங்கிக்கொள்வார். பிடிக்காவிட்டால்?

"மறுநாளே உங்க கிச்சன்ல நிக்கறேன். வாயே திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள் இந்த மகராசி. வாய் திறக்காமல் இருக்கிற ஆளைப் பார்!

இந்த ஒப்பந்தத்துக்காகத்தான் விழுப்புரத்துக் கடையில் அண்டாவுக்குள் தலைவிட்டது. கடைக்காரர் ஒவ்வொன்றாக இறக்கினார். ஒன்றில் முகம் பார்த்துப் பொட்டே வைத்துக்கொள்ளலாம், அப்படி மின்னியது. பிரபா சுண்டினாள், தகரம்போல் சத்தம் வந்தது. "அடி மெல்லிசுங்க. வெல்லம் புடிச்சி கருகிடும்." இன்னொன்றைக் காட்டினார். "கைப்பிடி ஆணி உள்ள துருத்திக்கினு இருக்கு பாருங்க. அதுக்குப் பின்னால போற அழுக்க யாரு எடுக்கறது?" அடுத்தது வாய் அகலம், மூடியும் ஆடியது. "இதுல தூசி வுழும். எனக்கு அகலத்த வுட ஒசரம் ஜாஸ்தியா இருக்கணும்." எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எங்கள் வீட்டில் இதில் பாதி விசாரித்திருந்தால் என் கதையே வேறு.

கடைக்காரர் கடைசியாகப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பாத்திரத்தின் மேல் வைத்தார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. "பாத்தியாம்மா, ஒட்டல. அசல் சரக்கு" என்றார்.

"முன்ன வாங்கனதுலயும் ஒட்டலங்க. அதுவே புள்ளி வுழுந்து போச்சி" என்றாள் பிரபா. "முந்நூத்தி நாலுன்னு சொல்வாங்களே, புளிப்பு பட்டாலும் புள்ளி வுழாத ரகம், அதுன்னு பில்லுல எழுதிக் குடுப்பீங்களா? குடுத்தா இதையே எடுத்துக்கறேன்."

அவர் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போனார். வரும்போது தூக்க முடியாமல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மினுமினுப்பு இல்லை, கனம். கேன்டீன்காரர்கள் வாங்குவதாம். பிரபா சுண்டினாள், மணிபோல் இல்லாமல் 'தொம்' என்றது. தலையை விட்டாள், நகத்தை ஓட்டினாள், மூடியை மூடித் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ரகம் என்று பில்லில் எழுதியும் கொடுத்தார். நான் பேரம் பேச வாயெடுத்ததுதான் மிச்சம், இவள் பணத்தை எண்ணி வைத்துவிட்டாள்.

திண்டிவனத்தில் லேத் பட்டறையில் கொடுத்து அடிப்பக்கம் ஒரு குழாய் வைத்துக்கொண்டாள். நிரம்பிய பாத்திரத்தை ஒற்றை ஆளாகச் சாய்க்க முடியாது, குழாய் இருந்தால் நேராகப் பாட்டிலில் பிடிக்கலாம் என்பது அவள் கணக்கு. அதில் செய்த முதல் தடவையே நன்றாக வந்தது. இரண்டாவது தடவை இன்னும் நன்றாக வந்தது. என் கடைக்கு வந்த பாட்டிலை என் வாடிக்கையாளர்களே காலி செய்துவிட்டார்கள்.

அப்புறம் ஆடி வந்தது. தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறந்த வீட்டுப் பெண் என்ற முறையில் நானும் திண்டிவனம் போயிருந்தேன். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டில் பெரிய பாத்திரம் இருந்தாலும் அன்றைக்கு அது அம்மனுடையது. கேட்டு இல்லை என்றவர்கள் இதுவரை கிடையாது. தெருவில் பெரியவர் விருத்தாசலம் வந்து கேட்டபோது பிரபா எலுமிச்சை வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். என் தம்பி இருந்தானே!

"எட்த்துக்கினு போங்க மாமா. நம்ப பாத்திரத்துல டேப்பே இருக்குது" என்று அவனே தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் வைத்தான்.

அன்றைக்குத் தெருவே அந்தக் குழாயை மெச்சியது. கரண்டி வேண்டாம், தள்ளுமுள்ளு வேண்டாம். சொம்பைக் கீழே பிடித்தால் கேப்பைக் கூழ் தானாக இறங்குகிறது. நடுவில் நொய் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. விருத்தாசலம் வேப்பங்குச்சியை ஒடித்துக் குழாய்க்குள் விட்டுக் குத்தினார். மறுபடி இறங்கியது. சனம் கைதட்டியது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

பிரபா எலுமிச்சைப் பையோடு வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து என் தம்பி தேங்காய் உடைக்கிற சாக்கில் கோயிலுக்குள் போய்விட்டான். அம்மன் கூழ் விஷயத்தில் யாரை என்ன சொல்ல முடியும்? அவளும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தாள். சாயங்காலம் பாத்திரம் மஞ்சள் குங்குமத்தோடு வீட்டுக்கு வந்தது. கம்பி நாரை எடுத்த என் கையைத் தட்டிவிட்டு, மெல்லிய துணியால் தானே கழுவினாள். குழாய் வழியாகக் கொதிநீரைத் திரும்பத் திரும்ப விட்டாள். பட்டறைக்காரர் இறுக்கி மாட்டிய குழாயைக் கழற்றினால் ஒழுக ஆரம்பிக்குமோ என்று அதை மட்டும் தொடவில்லை. திறப்பு விழாவுக்கான இஞ்சி பீர் மறுநாளே அடுப்பில் ஏறியது.

ஆகஸ்ட் பதினைந்து காலை மணிமாறன் பாட்டில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டான். நானும் பிரபாவும் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. புடவை கட்டி முடித்து, வீட்டில் எடுத்து வைத்திருந்த ஒரு பாட்டிலை அவள் திறந்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாகப் புஸ்ஸென்றது. ஒரு மடக்கு குடித்தாள். அப்படியே நின்றாள்.

"இன்னாடி?" என்றேன்.

"கூழு, அண்ணி."

நானும் குடித்துப் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. இஞ்சி உறைப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பு, முதல் நாள் கூழ் கரைத்துக் குடிப்பதுபோல. ஆனால் அவள் அதற்குள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழாயைக் கழற்றித் தட்டினாள். அதன் வயிற்றுக்குள்ளிருந்து சுண்டைக்காய் அளவில் கேப்பை உருண்டையும், ஒரு வேப்பங்குச்சி நாரும் விழுந்தன. தம்பிக்குப் போன் போட்டோம். லோடு ஆட்டோ சத்தத்தில் அவனுக்கு எந்தக் காலத்தில் போன் கேட்டிருக்கிறது?

பொம்மையார்பாளையத்தில் நாங்கள் போய் இறங்கியபோது கடை நிறைய ஆட்கள். எல்லார் கையிலும் அவளுடைய பாட்டில். சென்னையிலிருந்து வந்தவர்கள், பாண்டியிலிருந்து வந்தவர்கள், ஒருவரையொருவர் கூப்பிட்டுக் குடித்துப் பார்க்கச் சொன்னார்கள். சவுரிராயன் வாயெல்லாம் பல்லாக எதிரே வந்தார்.

"வா பிரபா! இன்னா போட்ட இதுல? இன்னொன்னு, இன்னொன்னுன்னு கேட்டுக்கினே இருக்காங்க. நீ ஜெயிச்சிட்ட. வாராவாரம் அனுப்பிடு."

எனக்கு உச்சி குளிர்ந்தது. அம்மனே, உன் கூழ்தான் காப்பாற்றியது என்று மனசுக்குள் கும்பிட்டேன். இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை முடிந்தது.

"இது கெட்டுப் போனதுங்க" என்றாள் பிரபா.

சவுரிராயன் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் குழாய், கூழ், குச்சி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதனால இன்னா இப்போ? நல்லா இருக்குது, குடிக்கறாங்க. இதையே பண்ணிக்குடு."

"இது நான் பண்ணது இல்லீங்க, தானா வந்தது. அடுத்த வாரம் இதே மாரி குடுன்னா எனக்கு வராது. இன்னிக்கு இது நல்லா இருக்கும், நாளிக்கு இன்னா ஆகும்னு எனக்கே தெரியாது. தெரியாதத எப்டி விப்பேன்? வர ஞாயித்துக்கெழம என்னுத கொணாறேன். அத குடிச்சிட்டு சொல்லட்டும். புடிக்கலன்னா நான் சொன்ன சொல்லு சொன்னதுதான், கிச்சனுக்கு வர்றேன்."

"ஜெயிச்சவளே தோத்துட்டேன்னு சொல்றியே, பேஜாரு புடிச்சவம்மா நீ" என்றார் அவர்.

"மிச்சம் இருக்கறத இன்னிக்கே குடிச்சி தீத்துடுங்க. எட்த்து வைக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் மணிமாறன் வண்டியில் ஏறினாள்.

திண்டிவனம் வரும்வரை அவளை நான் திட்டிய திட்டு லோடு ஆட்டோ சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். பிழைக்கத் தெரியாதவள், வீட்டுக்கு வந்த லட்சுமியை வாசலிலேயே மறித்தவள், இனி ஆயுசுக்கும் அடுத்தவன் அடுப்பில் நில் என்றெல்லாம் சொன்னேன். அவளோ கிளியனூர் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள், அவ்வளவு தைரியம்!

அந்த வாரம் குழாயைக் கழற்றித் தனியாக வேகவைத்தாள். புதிதாக மாட்டினாள். ஒழுகவில்லை. வழக்கம்போல் காய்ச்சி, ஆறவிட்டு, உறை விட்டு, பாட்டிலில் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றைத் திறந்து குடித்துவிட்டு, "போலாம்" என்றாள். நான் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். தோற்றால் திட்டுவதற்கு ஆள் வேண்டாமா?

சவுரிராயன் தயாராக இருந்தார். போன வாரத்துப் பாட்டில்களில் ஒரு பெட்டியை அவர் குடித்துத் தீர்க்காமல் ஒளித்து வைத்திருந்தார், அதுவும் ஃப்ரிட்ஜில் வைக்காமல், வெயில்படும் ஜன்னலோரம். அன்றைக்கு அவர் நண்பர்கள் வேறு ஒரு மேசை நிறைய வந்திருந்தார்கள். "மொதல்ல நம்ம பழைய சரக்கு. அப்புறம் இந்தம்மாவோட புதுசு. ரெண்டையும் குடிச்சிட்டு எது ஒசத்தின்னு நீங்களே சொல்லுங்க" என்று அறிவித்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு நடுவில் நின்று பாட்டிலைத் திறக்கப் போனார்.

"திறக்காதீங்க" என்று பிரபா இரண்டு எட்டு முன்னால் போனாள். அதற்குள் அவர் மூடியை நெம்பிவிட்டார்.

கோயில் புஸ்வாணம் அந்த உயரம் போய் நான் பார்த்ததில்லை. கூரை, மின்விசிறி, நண்பர்கள், மீன் வறுவல், ஒன்றும் பாக்கியில்லை. சவுரிராயன் மூக்கு நுனியிலிருந்து நுரை சொட்டியது. பாட்டிலில் எஞ்சியிருந்த நாலு சொட்டிலிருந்து காடி வாசனை கடை முழுக்க அடித்தது. நான் மட்டும் சிரித்தேன். என்னால் அடக்க முடியவில்லை.

பிரபா சிரிக்கவில்லை. தன் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். திறந்தாள். அளவாக ஒரு புஸ். பாட்டிலைச் சாய்த்து டம்ளர்களில் ஊற்றி மேசையில் வைத்தாள். ஊற்றியதில் கொஞ்சம் மேசையில் சிந்தியிருந்தது. அவள் எதையும் சிந்தி இத்தனை நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். சட்டென்று என் சிரிப்பு நின்றது. இவள் மறுபடி அந்த அடுப்படிக்குப் போகக் கூடாது என்று அம்மனை வேண்டிக்கொண்டேன்.

நண்பர்கள் குடித்தார்கள். ஒருவர் டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் வாயில் விட்டுக்கொண்டார். இன்னொருவர் சவுரிராயனிடம், "யோவ், இத வச்சிக்கினா எங்களுக்கு மொதல்ல அந்தக் காடியக் குடுக்கப் பாத்த?" என்றார். மூன்றாமவர் தானே எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

சவுரிராயன் முகத்தைத் துண்டால் துடைத்தபடி கடைசியாகக் குடித்தார். துண்டு முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு, "வாராவாரம் வேணும். இதேதான் வேணும்" என்றார்.

"இதேதான் வரும்" என்றாள் பிரபா. "ஆடியில கூழு வார்க்கற வாரம் மட்டும் வராது. அன்னிக்கிப் பாத்திரம் அம்மனுக்கு."

அவர் தலையை ஆட்டினார். ஈரம் படாத ஒரு நாற்காலியைத் தேடி எடுத்து, துடைத்து, கடலைப் பார்த்தாற்போல் போட்டு, உட்காரச் சொன்னார். அவள் அடுப்படிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே புதுச் சமையல்காரர் கரண்டியோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பிரபா உட்கார்ந்தாள். அத்தனை வருஷம் வேலை பார்த்த இடத்தில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கடலை அங்கிருந்து பார்த்ததும் முதல் தடவையாம். அடுப்படிக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது.

"சாப்பிட இன்னா வேணும்?" என்று சவுரிராயன் கேட்டார்.

"மீன் கொழம்பும் சோறும்" என்றாள். "அண்ணிக்கும் சேத்து."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, குழம்பில் உப்பு போதவில்லை என்று ஒரு சண்டை போட்டேன்.